பரணில் படுத்த மெஷின்

எங்கள் வீட்டில் ஏசிக்கு இடம் தேடியது பெரிய பஞ்சாயத்து. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருவில் இருக்கிறோம். இரண்டே அறை, நடந்தால் கட்டில் முழங்காலில் இடிக்கும். தறி ஓட்டியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர் என் கணவர். ஜன்னலைத் திறந்தால் பஞ்சுத் தூசியில் அவருக்கு இரைக்கும், மூடினால் வெக்கையில் தூக்கம் வராது.

சுவரில் மாட்டும் ஏசி என்றால் குளிர் நேராக அவர் நெஞ்சில் அடிக்கும். நிற்கிற மெஷினுக்குத் தரையில் இடமில்லை. பார்க்க வந்த மெக்கானிக், குளியலறைக்கு மேலிருந்த பரணை அண்ணாந்து பார்த்தார்.

"படுக்கவாட்டு மெஷின் இருக்கு அண்ணாச்சி. அங்கன படுக்க வச்சு ரெண்டு ரூமுக்கும் காத்துப் போக டக்ட் குழாய் விட்ருவோம்" என்று டேப்பை நீட்டினார். ஆளைக் கிடத்துவதற்கு அளவெடுப்பது போல் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

"பரணுக்குப் பின்பக்கம் அடைச்சிருக்குல்லா? இல்லன்னா அந்தப்பக்கக் காத்தையும் சேத்து இழுக்கும்" என்றார் மெக்கானிக்.

"அடைச்சுத்தான் இருக்கு" என்றார் என் கணவர், ஏறிப் பார்க்காமலே.

அடைக்கவில்லை. என் கணவரும் அவர் அண்ணனும் வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் பரண் மட்டத்தோடு நின்றுவிட்டது. குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு எடுக்கிற அண்டாக்கள் பரணில் இருந்தன. அவை இரண்டு வீட்டுக்கும் பொது, அவற்றுக்கு நடுவே சுவர் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு பேச்சு முறிந்து அண்ணன் ஊரைவிட்டே போனார். அவர் வீட்டு வாசல் பூட்டு துருவேறித் தொங்குகிறது. அண்டாக்களுக்குப் பின்னால் திறந்தே கிடந்த இருட்டு எங்கள் யாருக்கும் நினைவில்லை.

மெஷின் ஓடிய முதல் மதியமே குளிரோடு நீலகிரித் தைல வாசனை வந்தது.

"நீ தேச்சியாட்டி?"

"எனக்கென்ன வலி, நான் தேய்க்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அண்ணன் முட்டியில் தேய்க்கிற தைலம் அது. மெஷினை நிறுத்தினால் வாசனை நின்றது, போட்டால் வந்தது.

"எங்கயோ போய்ச் சேந்துட்டான்ட்டி. எங்கிட்ட சொல்லிக்கிட வந்திருக்கான்."

"உயிரோட இருக்கப்போ எட்டிப் பாக்காதவரு, இப்ப ஏசிக்கா வருதாரு?" என்று கேலி செய்தேன். ஆனால் சமையலறையில் தனியாக நிற்க எனக்கே பயமாக இருந்தது. அவர் பரணை ஒட்டிய அறையில் படுப்பதை விட்டுவிட்டு, வாசல் பக்கத்து அறையில் கிரில்லை அடைத்து, ஜன்னலைத் திறந்து தூசியோடு படுத்தார். இரைப்பு கூடியது. அவருக்காக வாங்கிய மெஷின் அவரையே விரட்டியதில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிற நாள் வந்தது. தெருவில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் ஓய்ந்தது. கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல், காற்று வருகிற கிரில்லுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

நான் அலறியது கேட்டு ஓடிவந்த கணவரும் அந்த இருமலைக் கேட்டார். ஸ்டூலில் ஏறிக் கிரில்லுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"அண்ணே, இருக்கியா? போயிட்டியா?"

தகரத்துக்குள் பேசுகிறது போல ஒரு குரல் வந்தது.

"இருக்கேம்லே. பின்வாசல் வழியா வந்து கெடக்கேன். முன்வாசலத் திறந்தா தெருவே பாக்கும்லா."

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? பரண் வழியா நீ இரைக்கது இங்கன கேக்கும். அதக் கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். கொஞ்ச நாளா சத்தமே இல்ல. நீதான் போயிட்டேன்னு நெனச்சேம்லே."

என் கணவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். செருப்பு போடவில்லை, இன்ஹேலரும் எடுக்கவில்லை. அண்ணன் வீட்டுப் பின்வாசலைப் பார்த்து ஓடினார்.