பாண்டிசெல்வி படகுக்குத் தளம் போட்டாள்

கூமாப்பட்டியில் பாண்டிசெல்வியின் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு ஃபைபர் படகு கிடந்தது. பதினெட்டு அடி நீளம். மூன்று வருடங்களுக்கு முன் அவள் கணவன் சிவனாண்டி, ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கலாம் என்று தூத்துக்குடியில் பழசாக வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. வந்த வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். படகு முற்றத்தை விட்டு நகரவில்லை. அதன் மேல் மிளகாய் காய்ந்தது, துணி காய்ந்தது, முன்தளத்துக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துப் பதினோரு குஞ்சு பொரித்தது. சிவனாண்டி திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி மேசை முன்னால் நின்றான்.

இந்த வருடம் ஐப்பசியிலேயே பிளவக்கல் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பாதியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பாண்டிசெல்வி போனில் சொன்னது ஒரே வார்த்தை: "வந்துருங்க."

அவன் வந்தான். பையை இறக்கி வைத்த கையோடு படகில் ஏறினான். முன்தளத்தில் இரண்டாவது அடி வைத்ததும் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அடியில் இருந்த கோழி கத்திக்கொண்டு ஓடியது. அவனை வெளியே இழுக்கப் பக்கத்து வீட்டு அய்யம்மாளும் வர வேண்டியிருந்தது.

"ஏலே சிவனாண்டி, கண்மாய்க்குப் போய் முங்குவாக. நீ வீட்டுலயே முங்கிட்டியே" என்றாள் அய்யம்மாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படகையும் தண்ணீரில் இறக்கி, நான்கு பேர் முன்தளத்தில் ஏறி மூன்று முறை குதித்துப் பார்ப்பார்கள். தளம் தாங்கினால் மீன் பிடிக்கிறவர்கள் பட்டியலில் பெயர் இருக்கும். தாங்காவிட்டால் அந்த வருடத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லையென்றால் அவன் பொங்கல் கழிந்து திருப்பூர் போயாக வேண்டும். கம்பெனியில் அதுவரைக்கும்தான் லீவு கொடுத்திருந்தார்கள். கொண்டுவந்த பையை அவன் பிரிக்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

பாண்டிசெல்வி தினமும் அந்தப் பையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வயதில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, அறுந்த இழையை ஓடும் மிஷினிலேயே ஒட்டிப் பழகியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போனாள். முதல் மூன்று வருடம் சட்டி கழுவுவது மட்டும்தான் வேலை. கழுவிக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள். ஒரு நாள் கிண்டுகிறவர் வராதபோது, யாரும் கேட்காமலே கரண்டியை எடுத்தாள். அன்று இறக்கிய கோவாவைக் கடைக்காரர் வாயில் போட்டுப் பார்த்தார். மறுநாள் சட்டி கழுவ வேறு ஆள் வந்திருந்தது. அதற்கப்புறம் பத்தொன்பது வருடமாக அந்த அடுப்பு அவளுடையது. கடிகாரம் பார்க்க மாட்டாள். கரண்டி இழுபடுகிற கனத்திலும், சட்டி ஓரம் விட்டு வருகிற சத்தத்திலும் பதம் அவளுக்குத் தெரியும்.

"தளத்த நாம போடுவோம்" என்றாள் அன்று ராத்திரிச் சாப்பாட்டில்.

"ஏட்டி, படகு என்ன பால்கோவாவா, கிண்டி இறக்குறதுக்கு?"

"ரெசின்னு ஒண்ணு ஊத்துதாக. அது கெட்டியாகுது. கெட்டியாகுற சாமான் எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு பதம் இருக்கும்."

"எம்புட்டு தைரியம் உனக்கு."

"தைரியம் இல்ல. நாளைக்கு லீவு போட்டுருக்கேன்."

மறுநாள் இருவரும் ராஜபாளையம் போனார்கள். அங்கே ஜெபக்குமார் என்பவர் மில்களுக்கு ஃபைபர் மூடிகளும் வீடுகளுக்குக் குளியலறைக் கதவுகளும் செய்கிறார். பாண்டிசெல்வி அவரிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டாள். கண்ணாடி இழையை அமுக்கிச் செய்த மேட் எத்தனை அடுக்கு, மரப்பலகை எத்தனை மில்லிமீட்டர் கனம், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் எத்தனை சொட்டு. நடுவில் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்து போனது.

"அக்கா, ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல கலக்காதீங்க" என்றார் அவர் கடைசியாக. எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்ட பாண்டிசெல்வி, அதை மட்டும் குறிக்கவில்லை. அரைக் கிலோ அரைக் கிலோவாகச் செய்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதமாக வரும் என்று அவள் நினைத்தாள். கோவாவில் அப்படித்தான். ஒரே சட்டிப் பாலை இரண்டாகப் பிரித்தால் இரண்டு நிறம் வரும்.

பழைய தளத்தை வெட்டுவதில் நான்கு நாள் போனது. சிவனாண்டி வாடகைக்கு எடுத்த வெட்டுக் கிரைண்டரைப் பிடித்தான். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு உள்பக்கமாக வெட்ட வேண்டும் என்று அவள் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். புதுத் தளம் அந்த விளிம்பில்தான் உட்கார வேண்டும். மேல்தோல் ஓடு போல் வந்தது. உள்ளே இருந்த பலகை டீயில் ஊறிய ரஸ்க் போல் கையோடு வந்தது. தளத்தைத் தாங்கிய மூன்று குறுக்குக் கட்டைகளில் ஒன்று மட்டும் உளுத்திருந்தது. அதை மாற்றினார்கள். கண்ணாடித் தூசு பட்டு இருவருக்கும் உடம்பெல்லாம் அரித்தது. பச்சைத் தண்ணீரில் குளித்தால்தான் அடங்கியது.

புதுப் பலகைக்கு அளவு எடுக்க அவள் கடையில் இருந்து பால்கோவா அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, பிரித்து ஒட்டி, படகின் மேல் விரித்து ஓரம் வெட்டினாள். ஒரு முனையில் நூலிழை இடைவெளி தெரிந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஒட்டினாள்.

"அம்புட்டுத்தான இடைவெளி? பட்டி வச்சு அடைச்சிரலாம்" என்றான் சிவனாண்டி.

"அடைக்குற இடத்துலதான் பொறவு தண்ணி எறங்கும்."

பலகை சரியாக உட்கார்ந்தது. மேட் விரித்து ரெசின் பூச வேண்டிய நாள் வந்தது. மார்கழி என்றாலும் மத்தியானம் வெயில் சுள்ளென்று இருந்தது. பாண்டிசெல்வி ஒரு பெயிண்ட் வாளியில் நாலு கிலோ ரெசினை மொத்தமாக ஊற்றினாள், கணக்கான ஹார்டனரை விட்டாள், மூங்கில் கம்பால் கிண்டினாள். பத்தொன்பது வருடக் கை. நிற்காமல், ஒரே சீராக, அடி வரைக்கும் கிண்டியது.

பாதி மேட் நனைவதற்குள் வாளி சுட்டது. கம்பு கனத்தது. "பதம் வருது" என்று அவள் சொல்லி முடிக்கவும் வாளியில் இருந்து புகை வந்தது.

"ஏட்டி, விடு! தள்ளிப் போ!"

சிவனாண்டி சாக்கைச் சுற்றி வாளியைத் தூக்கி ஓடி வெட்டவெளியில் வைத்தான். வாளி ஒரு பக்கமாக இளகிச் சாய்ந்தது. கால் மணி நேரத்தில் புகை அடங்கியபோது உள்ளே தேன் நிறத்தில் ஒரு பாறை இருந்தது. நடுவில் மூங்கில் கம்பு நட்டமாக நின்றது.

அய்யம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, ஊருக்கெல்லாம் அம்புட்டு மெதுவா கோவா கிண்டிக் குடுக்குற. வீட்டுக்குன்னா மட்டும் கல்லாக் கிண்டி எறக்குற?"

பாண்டிசெல்விக்கு முகம் விழுந்துவிட்டது. தை முதல் ஞாயிறுக்கு இன்னும் பதினாறு நாள். சிவனாண்டி அவளைத் திட்டவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த பையை மட்டும் ஒரு தடவை பார்த்தான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் கடையில் கோவாவை இறக்கினாள். இறக்கிய உடனே எப்போதும் போல் அகலத் தட்டில் கொட்டிப் பரத்தினாள். பரத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் கோவா தன் சூட்டிலேயே வேகும். குவியலாக விட்டால் நடுவில் கருகும். அதனால்தான் இத்தனை வருடமாகத் தட்டில் பரத்துகிறாள். ரெசினுக்கு அடுப்பே வெளியே கிடையாது, உள்ளேயேதான் இருக்கிறது. அதைப் போய் வாளியில் குவித்து வைத்தால்?

பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த நாராயணி கேட்டாள்: "என்னக்கா, தானா சிரிக்கீங்க?"

"நேத்து ஒரு அடுப்ப வாளிக்குள்ள வச்சுக் கிண்டிட்டேன்டி."

அன்று சாயங்காலம் பஸ் ஏறி ராஜபாளையம் போய், மறுபடியும் ரெசின் வாங்கினாள். ஜெபக்குமாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "நான் மூணு வாளி அப்படிக் கெடுத்திருக்கேன்க்கா. நீங்க ஒண்ணுலயே கத்துக்கிட்டீங்க" என்றார்.

பாதி நனைந்து இறுகிப்போன மேட்டைத் தேய்த்து எடுத்த பிறகு, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்து, உடனே அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஊற்றிப் பரப்பினாள். சூடு தங்கவில்லை. காலை எட்டு மணிக்குப் பனி உலர்ந்த பிறகு தார்ப்பாய் நிழலில் ஆரம்பித்து, பத்து மணிக்கு நிறுத்திக் குளித்துவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போனாள். அடித்துக் கிண்டினால் காற்றுக் குமிழ் சேரும் என்று கண்டுகொண்டு, கையை மெதுவாக்கினாள். பத்தொன்பது வருடப் பழக்கத்தை மெதுவாக்குவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

வெள்ளை மேட்டைப் பலகை மேல் விரித்து, பிரஷை இழுக்காமல் ஒற்றி ஒற்றி நனைத்தால், வெள்ளை கரைந்து அடியில் மரம் தெரியும். வெள்ளையாக நிற்கிற இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரும்பு உருளையை ஓட்டி அதை வெளியேற்ற வேண்டும். முதல் அடுக்கு முழுதும் கண்ணாடியாக மாறி மரத்தின் ரேகை வரிவரியாகத் தெரிந்தபோது, சிவனாண்டி உருளையைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தான்.

"அழகா இருக்குட்டி" என்றான்.

"இதுக்கு மேல இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு. பொறவு பாருங்க."

பொங்கலன்று அடுப்பில் பால் பொங்கும் முன் அவள் இரண்டு முறை படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று அடுக்கும் இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக். இடது ஓரத்தில் ஒரு இடத்தில் டொக் என்றது. மறுபடி தட்டினாள். டொக். உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே காற்று நின்றிருந்தது.

"ஓரமாத்தான இருக்கு. யாரு மிதிக்கப் போறா?" என்றான் சிவனாண்டி. சோதனைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"மிதிக்காட்டி?"

"மிதிக்காட்டி ஒண்ணும் இல்லையே."

"இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

அவன் முனகிக்கொண்டே கிரைண்டரை எடுத்துவந்தான். அந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து எடுத்து, சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது என்று மூன்று துண்டு மேட் வைத்து மறுபடி நனைத்தார்கள். இறுகிய பிறகு தட்டிப் பார்த்தாள். டக். கடைசிப் பூச்சுக்கு அவள் கலந்த நிறம் வெள்ளையிலும் சேராமல் மஞ்சளிலும் சேராமல் ஒரு மாதிரி வந்தது. கால் வழுக்காமல் இருக்க ஈரத்தின் மேலேயே சலித்த மணலைத் தூவினாள்.

அய்யம்மாள் வந்து பார்த்தாள். "என்ன கலர்டி இது? அப்படியே உங்க கடைக் கோவா மாதிரில்ல இருக்கு. எறும்பு மொய்க்கப் போவுது, பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக்டரில் ஏற்றிக் கண்மாய்க்குக் கொண்டுபோனார்கள். கரையில் ஏழெட்டுப் படகுகள் இருந்தன. சங்கத் தலைவர் சுந்தரபாண்டியன் நூற்றுப்பத்துக் கிலோவுக்குக் குறையாத ஆள். சோதனை நாளில் அவர் எடையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அவரும் இன்னும் மூன்று பேரும் முன்தளத்தில் ஏறினார்கள். படகு முன்னால் அமிழ்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது குதிக்குப் படகு எழும்பி விழுந்து, கரையில் நின்றவர்கள் மேல் தண்ணீர் அடித்தது. தளத்தில் ஒரு முனகல்கூட இல்லை.

சுந்தரபாண்டியன் நம்பவில்லை. குனிந்து, தளத்துக்கு அடியில் கையை விட்டுத் துண்டால் துடைத்துப் பார்த்தார். துண்டு காய்ந்தே வந்தது.

"யாருலே போட்டது? தூத்துக்குடி ஆளா?"

"எங்க வீட்டு ஆளு" என்றான் சிவனாண்டி. சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. "செல்வி."

"கோவா கிண்டுற புள்ளையா?" அவர் தன் கனத்தை மறந்து நான்காவது முறையும் குதித்தார். படகு ஆடியதில் மற்ற மூன்று பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்ப எம் படகுத் தளத்தையும் வந்து பாரு தாயி. ரெண்டு வருஷமா நான் அதுல உக்காந்துதான் வாரேன், நின்னு வந்ததே இல்ல."

கரையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பட்டியலில் சிவனாண்டி பெயரை எழுதினார்கள். அவன் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தான். "அண்ணே, சிவனாண்டி பேசுறேன். நான் வரல. ஆமா. இல்லண்ணே, இனி வரல" என்று சொல்வது அவளுக்குக் கேட்டது.

அவளுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. நான்கு பேர் அத்தனை முறை குதித்தும், இடது ஓரத்தில் அந்த உள்ளங்கை இடத்தை ஒருவர்கூட மிதிக்கவில்லை. அவள் எட்டுக் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏறுதியா? செத்த நேரம் போயிட்டு வருவம்" என்றான் சிவனாண்டி.

அவள் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அவன் கம்பை ஊன்றித் தள்ளினான். படகு கரையை விட்டு விலகியது. நடுவில் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. இடது ஓரமாக நான்கு எட்டு வைத்து நடந்து, மணல் உறுத்துகிற அந்த இடத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். முதலில் மெதுவாக, பிறகு முழுப் பாரத்தோடு, ஒரு குதி குதித்தாள்.

"ஏட்டி! கவுந்துரும்!"

"கவுந்தா கவுழட்டும். தளம் நிக்குது பாருங்க" என்று சொல்லி இன்னொரு தடவையும் குதித்தாள்.