காலமானவர் ஒப்பமிட்ட காசோலை

துஷாந்தினி கோப்பாயில் உள்ள எங்கள் வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தது 2003 யூன் 2ஆம் திகதி. அன்றுமுதல் காசோலையிலுள்ள கையெழுத்தைப் பதிவு அட்டையோடு ஒப்பிடுவதும், வந்தவர் அடையாள அட்டையில் உள்ளவர்தானா என்று முகம் பார்ப்பதும்தான் வேலை. நாளுக்கு நூறுக்குக் குறையாத கையெழுத்துகள். வீட்டுக்குப் போய் மகளின் கொப்பியைத் திறந்தாலும், இது அவளுடைய எழுத்துத்தானா என்று பார்க்கத் தோன்றுகிறது என்பார்.

காலையில் கதவு திறக்கமுன் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை விரிப்பார். கிளையில் கணக்குள்ள பெயர் இருந்தால் வெட்டி எடுத்து, அந்தக் கணக்கை நிறுத்தி வைப்பார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் சாகிறார்கள். பிள்ளைகள் பத்திரிகைக்குப் படத்தோடு அறிவிக்கிறார்கள். வங்கிக்கு அறிவிப்பவர் இல்லை.

"மிஸ், இண்டைக்கு ஆரை அனுப்பி வைச்சிட்டியள்?" என்று காவலாளி பிலிப்பு கேட்பார்.

"உங்கடை பேர் இன்னும் வரேல்லை அண்ணை. போய்க் கதவைத் திறவுங்கோ."

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஓய்வூதியம் எடுக்கப் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். என் காதில் விழாதவற்றைத் துஷாந்தினியிடம் பின்னர் கேட்டு எழுதுகிறேன்.

பதினொன்று இருபதுக்கு, உடுவிலைச் சேர்ந்த சுரேஸ் எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு ஒரு காசோலை நீட்டினார். வயது ஐம்பத்திரண்டு. மனைவி பத்மாவதியோடு லண்டனுக்கு மகனிடம் போன குலநாயகத்தாரின் வீட்டையும் வளவையும் பார்ப்பவர். கையெழுத்து அட்டையோடு அச்சொட்டாகப் பொருந்தியது. திகதி அன்றைய திகதி. ஆனால் குலநாயகத்தார் பெப்ரவரி 17ஆம் திகதியே காலமாகிவிட்டார். வெட்டிய அறிவித்தல் துஷாந்தினியின் மேசை லாச்சியில் கிடந்தது.

அடையாள அட்டையை வாங்கிப் பிரதி எடுத்தார். காசோலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அண்ணை, கொஞ்சம் இருங்கோ" என்று ஓரக் கதிரையைக் காட்டினார். பிலிப்பு மெதுவாக நடந்துவந்து அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன மிஸ், ஐயா வைச்ச கையெழுத்துத்தானே?"

"எப்ப வைச்சவர்?"

"போகேக்கை. கறண்ட் பில்லுக்கும் கோயில் உபயத்துக்கும் எண்டு ஆறு வெறும் செக்கிலை வைச்சுத் தந்தவர். இது கடைசி. திங்கக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. இஞ்சையும் சனத்துக்குச் சாப்பாடு குடுக்கச்சொல்லி லண்டனிலையிருந்து அம்மாதான் இதை மாத்தச் சொன்னவ. சமையலுக்கு என்ரை பேரிலை சொல்லிப்போட்டன்."

இப்படி ஒப்பமிட்டு வைத்துவிட்டு விமானம் ஏறுபவர்கள் இங்கே நிறையப்பேர். நம்பிக்கையான ஆள் போதும் என்று நினைக்கிறார்கள். ஒப்பமிட்டவர் காலமானது தெரிந்தபின் காசோலை செல்லாது என்பதைச் சுரேசுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முகாமையாளர் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். "பொலிசுக்கு அறிவிப்பம். சுற்றறிக்கையிலை தெளிவா இருக்கு."

"ஒரு கோல் எடுத்துப் பாக்கிறன் சேர்."

சுரேஸ் தன் தொலைபேசியை நீட்டினார். அதைத் துஷாந்தினி வாங்கவில்லை. காசோலை கொண்டுவந்தவர் தரும் இலக்கத்துக்கு அழைக்கக்கூடாது என்பது விதி. அறிவித்தலின் அடியில் இருந்த மகன் ஜெயரூபனின் இலக்கத்துக்கு அழைத்தார். லண்டனில் அப்போது காலை ஆறு பத்து. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்த தொலைபேசியில் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"அப்பான்ரை செக்கோ? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சுரேஸ் அண்ணைக்கு அது எப்பிடிக் கிடைச்சது?"

"தம்பி, அம்மாவைக் கேளுங்கோ!" என்று சுரேஸ் எழும்பினார். பிலிப்பு அவர் தோளில் கைவைத்தார்.

"அம்மா இப்பதான் கண்ணயர்ந்தவ. எழுப்பேலாது." தொடர்பு துண்டிக்கப்பட்டது.

முகாமையாளர் பொலிஸ் நிலையத்தின் இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார். "அஞ்சு நிமிசம் தாங்கோ சேர்" என்ற துஷாந்தினி மறுபடி லண்டனுக்கு எடுத்தார்.

"அம்மாவை எழுப்புங்கோ. இல்லாட்டி இஞ்சை ஒரு மனுசனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும்."

ஜெயரூபன் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பத்மாவதி அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, நான்தான் சொன்னனான். பெடியன் லீவில்லாமல் அலையுறான், அவனுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு சொல்லாமல் விட்டிட்டன். சுரேசை ஒண்டும் செய்துபோடாதேங்கோ."

முகாமையாளர் தன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். காசோலை 'வழங்குநர் காலமானார்' என்ற குறிப்போடு நின்றது. பணம் கொடுக்க வழியில்லை. கணக்கு இனி நீதிமன்றப் பத்திரம் வந்தால்தான் திறக்கும்.

சுரேஸ் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"நான் கள்ளன் இல்லையெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ மிஸ். இவ்வளவு சனமும் பாத்திட்டுது."

அப்படி ஒரு துண்டு எந்த வங்கியிலும் இல்லை. துஷாந்தினி கண்களைக் கசக்கிக்கொண்டு, கிளையின் சம்பவப் புத்தகத்தில் தான் எழுதியதை அவருக்கு மெதுவாக வாசித்தார். "மோசடி அல்ல. கொண்டுவந்தவர் இறந்தவரின் மனைவி சொன்னபடி வந்தவர்."

"சத்தமா வாசியுங்கோ."

அந்தப் புத்தகத்தை வெளியாருக்கு வாசிக்கக்கூடாது. துஷாந்தினி எழும்பி நின்று வாசித்தார். வரிசையில் பதினொருபேர் நின்றார்கள். முகாமையாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஜெயரூபன் சுரேசின் பெயருக்கே பணம் அனுப்பினார். அந்தியேட்டிச் சாப்பாடு குறையில்லாமல் நடந்தது. ஆனால் பணத்தை எடுக்கச் சுரேஸ் எங்கள் கிளைக்கு வரவில்லை. பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் எடுத்தாராம். துஷாந்தினியிடம் இதைச் சொன்னேன்.

"வரமாட்டார் ஐயா. நானெண்டாலும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு, என் வங்கிப் புத்தகத்தையும் பணமெடுக்கும் துண்டையும் வாங்கிக் கையெழுத்தை அட்டையோடு ஒப்பிட்டார்.