ஒரு விரக்கடை மேலே

எனக்குத் தொழில் தையல். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, மாடியில ஒரு சின்னக் கடை. இருபது வருசமா பொம்பளைங்க பிளவுஸ் மட்டுந்தான் தைக்கிறேன். இந்தத் தொழில்ல ஒரு ரகசியம் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற பொம்பளைய நான் இன்னும் பாத்ததில்ல. ஒருத்திக்கு ஒரு தோள் எறங்கியிருக்கும், இன்னொருத்திக்கு ஒரு மார்பு பெருசா இருக்கும். அத வாயால சொல்லமாட்டோம். அளவு எழுதுற கொப்பியில பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிட்டு, அந்தப் பக்கத்துக்குத் தக்கன துணிய வெட்டிருவோம். "நல்லா உக்காந்திருக்கு"ன்னு சிரிச்சிக்கிட்டுப் போவாங்க.

என்னோட கோணலுக்கு வெறும் புள்ளி பத்தாது. எடது மார்பு சின்ன வயசுலருந்தே சரியா வளரல, வலதுல பாதிகூட இல்ல. பதினாறு வயசுலருந்து பிளவுசுக்குள்ள பஞ்சு வச்சித் தச்சித்தான் காலத்த ஓட்டினேன். மழையில நனைஞ்சா அந்தப் பஞ்சு தண்ணியக் குடிச்சிட்டுத் தொங்கும். அப்பறம் பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவகூட ஒழுங்காப் பேச முடியுமா, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டே வீடு வரைக்கும் வரணும். நாப்பது வயசு நெருங்கினப்ப போதும்டா சாமின்னு ஆயிருச்சு. கொழும்புக்குப் போய் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் சிலிக்கன் பை வச்சாங்க, எடது பக்கத்துக்குப் பெரிய பை. பண்ணினது யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. மாசத்துல ஒரு நாள் பதுளைக்கும் வருவாங்க, அதனால எனக்குத் தைரியம்.

விசயம் தெரிஞ்சது எங்கக்காவுக்கு மட்டுந்தான். மடுல்சீமையில தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ. ரெண்டு கிழமை லீவு போட்டுட்டு என்னயப் பாத்துக்க வந்தா. வந்த ஒடனே, நெஞ்சுக்கு மேல கட்டச் சொல்லி டாக்டரம்மா குடுத்த பட்டிய தூக்கிப் பாத்தா. "இதென்னடி கட்டு, இது கோழிக்குக்கூட நிக்காது. கட்டாம விட்டா ஒடம்புக்குள்ள காத்து பூந்துரும்"ன்னா. எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல புள்ள பெத்தவளுக்கு பழைய சேலையக் கிழிச்சி வயித்த இறுக்கிக் கட்டுவாங்க. அதே கட்ட எனக்கு நெஞ்சுக்கடியில போட்டுட்டா. நானும் விட்டுட்டேன். கதகதப்பா சொகமா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

ஒரு மாசம் போச்சு. கண்ணாடி முன்னால நின்னு பாத்தா, எடது பக்கம் வலதவிட ரெண்டு விரக்கடை மேல ஏறி நிக்குது. வெரல வச்சிப் பாத்தேன், டேப்பு வச்சும் அளந்தேன். அளவெடுக்கிறவ கண்ணு தப்புமா? எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. இவ்வளவு பாடுபட்டும் திரும்ப பஞ்சுதானான்னு அழுகையும் வந்துச்சு. டாக்டரம்மா பதுளைக்கு வந்த அன்னிக்கு அக்காவையும் மலையிலருந்து வரச் சொல்லி இழுத்துக்கிட்டுப் போய், "இத ஒடனே திரும்பப் பிரிச்சிச் சரி பண்ணுங்க"ன்னு நின்னேன்.

அவங்க தொட்டுப் பாத்துட்டு, "நான் தந்த பட்டியைத்தானே கட்டினீங்கள்?"ன்னு கேட்டாங்க. நான் உள்ளதச் சொல்லிட்டேன். அக்கா மொகம் செத்துப்போச்சு.

டாக்டரம்மா அவளத் திட்டல. "கட்டு கொஞ்சம் மேல தள்ளியிருக்கலாம். ஆனா இந்தப் பக்கத்துத் தோல் இறுக்கம், பையும் பெரிசு. இறங்கச் சுணங்கும். இப்ப வெட்டினா, தானா இறங்கப் போறதைக் கெடுத்த மாதிரி ஆயிடும். ஆறு மாசம் பொறுங்கோ, பிறகு பாப்பம்"ன்னாங்க. அப்பறம் என் கண்ணப் பாத்து, "கல்லு மாதிரி இறுகினாலோ, திடீரெண்டு வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ பொறுக்கக் கூடாது. அண்டைக்கே காட்டோணும்"ன்னாங்க.

ஆறு மாசமான்னு கறுவிக்கிட்டே படி எறங்கினேன். கடைக்கு வந்தா, ஒரு பொம்பள புது பிளவுஸ தூக்கிக்கிட்டு நிக்கிறா, கைப்பக்கம் இறுக்குதாம், பிரிச்சிக் குடுக்கணுமாம். "ரெண்டு தண்ணி பாக்கட்டும், துவைச்சா துணி எளகிரும், அதுக்கப்பறமும் இறுக்கினாக் கொண்டா"ன்னு என் வாய் தானாச் சொல்லிச்சு. சொல்லிட்டு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஊருக்கு உபதேசம் பண்ணத் தெரியுது.

அக்காதான் பாவம். லயத்துக்குத் திரும்பிப் போன பெறகு தெனமும் மலையிலருந்து போன் அடிப்பா. "எறங்கிருச்சா?" இது ஒண்ணுதான் கேள்வி. பக்கத்து நெரையில கொழுந்து எடுக்கிறவளுக என்ன எறங்கணும்னு கேட்டிருக்காளுக. இவ பதறிப்போய், தங்கச்சிக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான், மாசக்கணக்கா காய்ச்சல் எறங்காத தங்கச்சிக்காக முழு லயமும் கோயில்ல அர்ச்சனை வச்சி, திருநீறு அனுப்பிச்சி வச்சாங்க. நானும் பூசிக்கிட்டேன். வந்த திருநீற வேணாங்கலாமா?

ஆறு மாசம் கழிச்சித் திரும்பக் காட்டினப்ப, ரெண்டு விரக்கடை ஒரு விரக்கடையா ஆயிருந்துச்சு. வலி இல்ல, இறுக்கமும் இல்ல. "இனிப் பெரிசா இறங்காது. விருப்பமெண்டா திரும்பச் செய்யலாம், ஆனா அதுவும் ஒரு ஆபரேசன்தான்"ன்னாங்க டாக்டரம்மா. "ஒண்டு சொல்லுங்கோ. கண்ணாடிக்கு முன்னால நிக்காத நேரத்திலயும் இது ஞாபகம் வருதோ?"

யோசிச்சேன். தீவாளி ஓடர் தச்ச அந்த மூணு கிழமையும் ஒரு தடவகூட நெனப்பு வரல. பஞ்சு காலத்துல அத மறந்திருந்த ஒரு மணி நேரம்கூட எனக்கு இல்ல. "இப்பதைக்கு வேணாம்மா"ன்னேன். "மனசு மாறினா வாங்கோ, அதுக்குக் கெடு இல்லை"ன்னாங்க.

வெளியில பெஞ்சுல அக்கா கைய பெசஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தா. "திரும்ப வெட்டணுமா?"

"வேணாம்னுட்டேன். ஒரு விரக்கடை இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப சரியாகலல்ல? நாந்தான்டி உன்னயக் கெடுத்தேன்"ன்னு முந்தானையால மொகத்த மூடிக்கிட்டா. ஆறு மாசமா நெஞ்சுல வச்சிருந்த அழுகை. இனிமே எத்தனை நல்ல பிளவுஸ் போட்டாலும் இவ கண்ணு அந்த ஒரு விரக்கடையிலதான் நிக்கும்னு தெரிஞ்சிச்சு. கையப் புடிச்சி நேராக் கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். கதவச் சாத்திட்டு, டேப்ப எடுத்து அவ தோள்ல வச்சேன்.

"வலது தோள் ஒன்றரை இஞ்சு எறக்கம். கூடை இழுத்து இழுத்து, மார்பும் அந்தப் பக்கமே சாஞ்சிருக்கு. இதுக்கு யாருக்கா கட்டுப் போட்டது?"

நான் பழைய கொப்பிய எடுத்து விரிச்சிக் காட்டினேன். அவ பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி, பேனா மை மங்கிப்போய் இருந்துச்சு. "இருபது வருசமா ஒனக்குக் கோணலாத்தான் வெட்டுறேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நல்லா உக்காந்திருக்குன்னு நீதான் சிரிச்சிக்கிட்டுப் போவியே."

அந்தப் புள்ளிய வெரலால தடவிப் பாத்தா. அப்பறம் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா, நானும் சிரிச்சேன்.

அன்னிக்கே எனக்கு ஒரு பிளவுஸ் வெட்டினேன், எடது பக்கம் ஒரு விரக்கடை தூக்கி, பஞ்சு இல்லாம. கொப்பியில என் பேர எழுதி, பக்கத்துல ஒரு புள்ளி வச்சேன். தச்சி முடிச்சி மாட்டினப்ப, பின்னால கொக்கி போட அக்கா வந்தா. ஒவ்வொரு கொக்கியையும் பாத்துப் பாத்து மாட்டினா.

"இறுக்குதாடி?"

"இல்லக்கா. நல்லா உக்காந்திருக்கு."