மணி ஸ்பிறிங் போட்ட ரிவோல்வர்

சைக்கிள் திருத்துகிறவரைப் பிடித்து ரிவோல்வர் திருத்தச் சொன்னால் என்ன நடக்கும் என்று எமிலியானுஸிடம்தான் கேட்க வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் முப்பது வருஷம் சைக்கிள் கடை நடத்திய மனுசன். இரண்டாயிரத்து மூன்றில் கனடாவில், மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு நிலக்கீழ் அறையில் குடியிருந்துகொண்டு, செயின்ட்-லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி றோசலின் ஊரில். அகதி விண்ணப்பம் சரிவந்தால் றோசலின் இங்கே வரலாம். சரிவராவிட்டால் இவர் அங்கே போக வேண்டும். போனால் உயிரோடு இருப்பாரா என்பது வேறு கதை.

அந்த விண்ணப்பமோ ஒரேயொரு ஸ்பிறிங்கை நம்பி இருந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஊர்க் காவலரணில் இருந்த பொலிஸ் இன்ஸ்பெக்டரிடம் வெள்ளைக்காரன் காலத்து ரிவோல்வர் ஒன்று இருந்தது. குழலைக் கீழே மடித்தால் நடுவால் திறக்கிற வகை. திறந்ததும் உருளையின் மையத்திலிருந்து நட்சத்திர வடிவில் ஒரு தகடு எழும்பி, சுட்டு முடிந்த ஆறு வெற்றுத் தோட்டாக் கோதுகளையும் ஒரே தள்ளில் வெளியே எறிந்துவிட்டு, தானாக உள்ளே போய்விடும். அதை உள்ளே இழுக்கிற ஸ்பிறிங் உடைந்து போயிற்று. "சைக்கிள் திருத்துறாய்தானே, இதையும் திருத்து" என்று இன்ஸ்பெக்டர் கொண்டுவந்து வைத்தார். துவக்கு வைத்திருக்கிறவனிடம் துவக்குத் திருத்தத் தெரியாது என்று எந்த மடையன் சொல்வான்? எமிலியானுஸ் ஒரு சைக்கிள் மணியைக் கழற்றி, அதற்குள் இருந்த ஸ்பிறிங்கைப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த கிழமை மேலதிகாரி பார்வையிட வந்தார். இன்ஸ்பெக்டர் ஆறு தோட்டாவையும் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி ரிவோல்வரை மூடினார். மூடின கையோடு ஆறும் துள்ளிப் பாய்ந்தன. இரண்டு தோட்டா நேரே மேலதிகாரியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள். அப்போது மணிச்சத்தமும் கேட்டதாகச் சொல்வார்கள். அது பொய், ஊர்ச்சனம் சேர்த்த சரக்கு. மானம் போன இன்ஸ்பெக்டர் இது சதிவேலை என்று எழுதிவைத்தார். பின்னேரமே ஜீப் வந்தது. எமிலியானுஸ் டயர் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கடையில் இருந்தது தம்பி ஜெறோம். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

மொன்றியலில் விசாரணைக்கு முன் இரண்டு மாதம், ஜெறோமைப் பற்றிக் குரல் உடையாமல் சொல்ல எமிலியானுஸ் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினார். ஆனால் தீர்ப்புச் சொல்ல வந்து இருந்தவர் மேடம் கத்தரின். மேடத்தின் தகப்பன் பழைய ரிவோல்வர் சேர்க்கிறவராம். எங்கள் மனுசனின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

"ஐயா, மூடேக்க எப்பிடித் தோட்டா வெளியில வந்தது எண்டு மேடம் கேக்கிறா," என்றாள் மொழிபெயர்க்க வந்த கஜந்தி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"துள்ளித்தான் வந்தது, புள்ள."

"அது நடக்கவே நடக்காதாம். திறக்கேக்கதான் தள்ளுமாம்."

மேடம் தாளை எடுத்துப் படம் கீறத் தொடங்கினார். ஆதியில் சில ரிவோல்வர்களில் உருளையையே கழற்றித்தான் கோது எடுக்க வேண்டுமாம். பிறகு பக்கத்தில் ஒரு சின்னக் கதவும் ஒரு கம்பியும் வைத்தார்களாம், ஒவ்வொன்றாய்க் குத்தித் தள்ள. ஆறையும் ஒரேயடியாய்த் தள்ளுகிற நட்சத்திரம் அதற்குப் பிறகு வந்த கெட்டித்தனமாம். ஒன்றரை மணித்தியாலம்! கஜந்தி பாவம், வாய்க்கு வராததையெல்லாம் கையால் காட்டிக் காட்டிக் களைத்துப் போனாள். கடைசியில் மேடம் பேனையை மூடினார். பொறிமுறைப்படி இந்தக் கதையை நம்ப முடியாது, விளக்கம் இருந்தால் இரண்டு கிழமைக்குள் கொண்டு வரவும் என்றார்.

நல்ல காலம், ஜூலை முதலாம் தேதி குறுக்கே வந்தது. அன்றைக்கு மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். நடைபாதை முழுக்க மெத்தை, அடுப்பு, பழைய சைக்கிள். எமிலியானுஸ் எட்டு மணிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெரிய தக்காளித் தகரப் பேணியில் ஆறு துளை போட்டு, நட்சத்திரத்துக்கு ஒரு பற்சக்கரம் வைத்து, தோட்டாவுக்குப் பதிலாக ஆறு கரட் செருகினார். ஏழு ஸ்பிறிங்கும் ஒழுங்காக வேலை செய்து கழுத்தறுத்தன. எட்டாவது, ஒரு ரோஸ் நிறச் சின்னச் சைக்கிளின் மணியில் இருந்தது, திறக்கும்போது சிக்கிக்கொண்டு நட்சத்திரத்தை எழும்ப விடவில்லை. மூடப் போகும்போது சிக்கு விட்டது. கரட் ஆறும் போய்க் கூரையில் அடித்தன. எமிலியானுஸ் கைதட்டினார். பிறகுதான் விளங்கியது, அப்படியென்றால் பிழை தன்னுடைய கையில்தான் என்று. கட்டிலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார்.

விசாரணை நாள் வாசலில் காவலாளி பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "செ குவா சா?" என்றான், என்ன இது என்று.

"ப்ரூவ்," என்றார் எமிலியானுஸ். ஆதாரம் என்று அர்த்தம். அந்தச் சொல்லையும் பாடமாக்கி வைத்திருந்தார்.

ரிவோல்வர் உள்ளே போகலாம் என்றான் காவலாளி. கரட் போகக்கூடாது, உள்ளே சாப்பாட்டுச் சாமான் தடை.

இப்போது தோட்டாவுக்கு எங்கே போவது? மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு விசாரணையைப் பதிவுசெய்கிற ரெக்கோடரைத் திறந்து ஆறு பற்றரியையும் கழற்றி நீட்டினார். அளவு அச்சொட்டாய்ப் பொருந்தியது. எமிலியானுஸ் பேணியைத் திறந்தார், ஒன்றும் நடக்கவில்லை. மூடினார். ஒரு பற்றரி எமிலியானுஸுக்காக வந்திருந்த வழக்கறிஞரின் வழுக்கையில் பட்டது, ஒன்று மேடத்தின் கோப்பிக் கோப்பைக்குள் விழுந்தது, மற்றதெல்லாம் எங்கெங்கோ பறந்தன.

"அன்கோர்!" என்று மேடம் எழும்பியே விட்டார். இன்னொருதரமாம்! ஏழு தரம் செய்து காட்ட வேண்டியிருந்தது. ஏழாம் தரம் மேடம் தன் கையாலேயே மூடிப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். கதை நம்பத்தக்கது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று அந்த இடத்திலேயே சொன்னார். கஜந்தி அதைத் தமிழில் இரண்டு தரம் சொன்னாள்.

"புள்ள, இன்னும் ஒண்டு சொல்லோணும்," என்றார் எமிலியானுஸ். "தம்பி ஜெறோம்..."

கஜந்தி பிரெஞ்சில் சொன்னாள். மேடம் ரெக்கோடரைக் காட்டினார். கோப்பிக்குள் விழுந்த பற்றரி செத்துப் போயிருந்தது.

"இனித் தேவையில்லையாம், ஐயா. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சாம்."

மெத்ரோ ரயில் நிலைய வாசலில் இருந்த தொலைபேசியில் அட்டை போட்டு ஊருக்கு எடுத்தார்.

"நம்பினவங்களா?" என்றாள் றோசலின்.

"நம்பினவங்க. நீ வரலாம்."

அவள் கொஞ்ச நேரம் விம்மி விம்மி அழுதாள். அட்டையில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"ஜெறோமுக்கு நடந்ததையும் நம்பினவங்களா?"

"ஸ்பிறிங்கைத்தான் கேட்டவங்க," என்றார் எமிலியானுஸ்.