சுத்தியல் ஓசையில் ஒரு ராஜாளி

ராயபுரம் கடலோரம், காலை பத்து மணி. கரையேற்றிய இரும்புப் படகில் எட்டுப் பேர் சுத்தியலால் துரு தட்டுகிறார்கள். காது அடைக்கிறது. அவர்களுக்கு நேர் மேலே, ஓடாத பழைய கிரேனின் மேடையில் ஒரு ராஜாளி அடைகாக்கிறது. படகின் மேல்தட்டில் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் காமிராவோடு ஒளிந்திருக்கும் நான், பறவை மிரளுமே என்று, வேலையைக் கொஞ்சம் நிறுத்தும்படி சூசை மேஸ்திரியிடம் கேட்கிறேன். அவர் கையைத் தூக்குகிறார். சுத்தியல்கள் ஓய்கின்றன.

அந்த நொடியே ராஜாளி எழுந்து பறந்துவிடுகிறது. முட்டைகள் வெயிலில் கிடக்க, இரண்டு காக்கைகள் கிரேனை நோக்கி வருகின்றன.

"இன்னா சார் நீ! இந்தச் சத்தத்துலயே குந்திகினு கீற பட்சி அது. சத்தம் நின்னா, யாரோ ஏறி வர்றான்னு பயந்துக்கும்" என்கிற மேஸ்திரி, ஆட்களைப் பார்த்துக் கத்துகிறார்: "தட்டுங்கடா!"

சுத்தியல்கள் மறுபடி இறங்குகின்றன. வானத்தின் உச்சியிலிருந்து ராஜாளி கல்லாய் விழுகிறது. காக்கைகள் சிதறி ஓடுகின்றன. அந்த வேகமெல்லாம் எங்கே போனதோ, ராஜாளி கோழியைப்போல உடம்பை அசைத்து அசைத்து முட்டைகள்மேல் அமர்கிறது.

ஒரே ஒரு படம் எடுக்கிறேன். காமிராவின் சத்தம் எனக்கே கேட்கவில்லை.