சுவைக்காமல் இட்ட கையெழுத்து

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, செஞ்சியில் மலையடிவாரத்தை ஒட்டிய தொடக்கப்பள்ளி ஒன்றில் நடந்தது இது. பழைய மாணவன் என்ற முறையில் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். காலை உணவைக் குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் குழுவில் ஒருவர் அதைச் சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அன்று என் முறை.

நான் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் நெடுங்காலம் கைங்கர்யம் செய்தவன். எம்பெருமான் அமுது செய்யும் முன் ஒரு பருக்கையும் நாவில் படக்கூடாது, முகர்வதும் அபசாரம். கையளவையும் கண்பதத்தையும் கொண்டே சமைத்துப் பழகிய எனக்கு, பரிமாறாத உணவில் வாய் வைக்க மனம் கூசியது. ரவா உப்புமாவைக் கரண்டியால் கிளறிப் பார்த்தேன். காய்கறி நன்றாக வெந்திருந்தது, பதமும் சரி. ‘சுவை நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சமையல் செய்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுக்கப் போனார்.

பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்ணத் தொடங்கினர். சற்று நேரத்தில் தண்ணீர்க் குழாயருகே கூட்டம். முந்தின வெள்ளியன்று காலை வழிபாட்டில், பாக்கெட் தீனியில் உப்பு அதிகம், தவிர்ப்போம் என்ற செய்தியை நாளிதழிலிருந்து ஒரு மாணவி வாசித்திருந்தாள். அவளைப் பார்த்து ஒரு பையன் கேட்டான்: “பாக்கெட்டுலதான் உப்புன்னு படிச்சியே, இது இன்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் ஒரு வாய் உப்புமா, ஒரு வாய் தண்ணீர் என்று விடாமல் உண்டுகொண்டிருந்தாள். கரித்தால் விட்டுவிடலாமே அம்மா என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க சாப்ட்டுப் பாத்து நல்லாருக்குதுன்னு எழுதினீங்களாமே தாத்தா. எனக்குத்தான் வாய் சரியில்ல போல.”

நான் அவள் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டேன். அத்தனை உப்பு, விழுங்க முடியவில்லை.

அதற்குள் தலைமையாசிரியை பதிவேட்டுடன் வந்துவிட்டார். ஐயா சுவைத்தபோது நன்றாக இருந்த உணவு பிறகு எப்படிக் கெட்டது என்று சமைத்த அம்மாளிடம் கேட்டார். மேலே புகார் போனால் அவருடைய மகளிர் குழுவிடமிருந்து இந்த வேலையே போய்விடும். ஒருவர் இட்டதை மற்றவர் அறியாமல் அவரும் உடன் சமைத்தவரும் இருவருமே உப்பிட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஐயா சுவைக்கவே இல்லை என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் முந்தானையைக் கையில் சுருட்டியபடி தலைகுனிந்து நின்றாரே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நானே உண்மையையும், மடைப்பள்ளிப் பழக்கத்தால் வாய் வைக்கக் கூசியதையும் சொன்னேன். பதிவேட்டை வாங்கி, ‘சுவைத்துப் பாராமல் கையெழுத்திட்டேன், பிழை என்னுடையது’ என்று அதே பக்கத்தில் எழுதினேன். தலைமையாசிரியை படித்துப் பார்த்து, முதலில் பிள்ளைகளின் பசியைக் கவனியுங்கள் என்றதோடு விட்டுவிட்டார்.

அந்த அம்மாள் உப்பில்லாமல் இன்னொரு பாத்திரம் ரவை கிளறி, மீதியிருந்ததை அதனுடன் கலந்தார். நான் வெங்காயம் நறுக்கித் தந்தேன். வகுப்பு மணி கால் மணி நேரம் தாமதமாக அடித்தது. கலந்த உப்புமாவில் ஒரு கரண்டியை என் முன் நீட்டி, “இப்ப வாயில வெச்சிப் பாருங்க ஐயா. சாமி ஒண்ணும் கோச்சிக்காது” என்றார்.

சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அந்தச் சிறுமி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மடைப்பள்ளியில் உப்பிட்டது என் கை. அதனால் கண் போதுமாயிருந்தது. பிறர் சமைத்ததற்கு நாவினால்தான் சாட்சி சொல்ல முடியும் என்பதை அன்றே அறிந்தேன். ஆயினும் இன்றும் என்னை உறுத்துவது அதுவன்று: பெரியவர் ஒருவர் எழுதிய இரண்டு சொற்களை நம்பி, ஒரு குழந்தை தன் நாவையே பிழையென்று எண்ணிவிட்டதே என்பதுதான்.