பிரியாணி ஆறிப்போன பேச்சு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். அதோடு விட்டேனா? எந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று போனில் தேடித் தேடிப் படித்து, கேட்காதவர்களுக்கும் சொல்லுகிற வியாதி வேறு பிடித்துக்கொண்டது.

வீட்டில் நான் ஆரம்பித்தால் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். பொறுமையாகக் கேட்ட ஒரே ஜீவன் எங்கள் ஃபினிஷிங் மாஸ்டர்தான். எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்காருவோம். நான் சொல் ஆராய்ச்சி செய்துகொண்டே இருக்க, அவர் தன் டப்பாவில் இருப்பதில் பாதியை என் தட்டில் தள்ளுவார். "போதும் பாய்" என்பது அவர் காதில் விழுந்ததே கிடையாது.

அந்த மனுஷனுக்கு எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். வழியனுப்பு விழாவில் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். 'நீ போனால் எனக்கு இங்கே யாருமில்லை' என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக.

மைக்கைப் பார்த்ததும் புத்தி கெட்டது.

"இன்னிக்கு நாம எல்லாரும் 'ஸேட்'டா இருக்கோம். ஆனா பழைய ஆங்கிலத்துல 'ஸேட்'னா சோகம் இல்லை. வயிறு நிறைஞ்சவன்னு அர்த்தம்!"

யாரும் வியக்கவில்லை. நான் விடுவேனா? தின்று நிறைந்தவனுக்கு உடம்பு கனக்கும், அந்தக் கனம் அலுப்பானது, பிறகு உம்மென்று இருப்பவனைக் குறித்தது, அப்புறம்தான் துக்கமானது என்று நூற்றாண்டு நூற்றாண்டாக இழுத்தேன். நடுவில் லத்தீன் வரைக்கும் போய் வந்தேன்.

கட்டிங் பிரிவிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"சார், எங்களுக்கு இன்னும் வயிறு நெறையல சார். பிரியாணி ஆறுது!"

கேன்டீனே அதிர்ந்து சிரித்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. பாய் மட்டும் கை தட்டினார், பாவம். பிறகு எழுந்து வந்து, ஆறிப்போன பிரியாணியை என் தட்டில் அள்ளிப் போட்டார்.

"போதும் பாய்."

"சும்மா சாப்புடுப்பா. ஜாஸ்தி பேசிட்ட, பசிக்கும்."

மறுவாரம் அவர் விமானம் ஏறிவிட்டார். அடுத்த நாள் மதியம் எதிர் நாற்காலி காலி. டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்போது போனில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "இன்னா தோஸ்த், சாப்ட்டியா?"

பழைய ஆங்கிலம், நிறைந்த வயிறு, நிறையாத வயிறு என்று ஒரு நீளப் பதில் அடித்தேன். படித்துப் பார்த்தேன். சீ, என்ன ஜென்மம் நான்! எல்லாவற்றையும் அழித்தேன்.

"நீ இல்லாம பேஜாரா இருக்குது பாய்."

அவர் படித்துவிட்டார் என்று தெரிந்தது. பிறகு பதில் வந்தது.

"பேஜார் எங்கேர்ந்து வந்த வார்த்தை? சொல்லு, கேக்கறேன்."

உருதுவிலிருந்து வந்தது, அவர் வீட்டுச் சொல்தான் அது. எனக்குத் தெரியும்.

"தெரியாது பாய்," என்று அடித்தேன். "நீ எப்ப வருவ?"